மறு: மறு: ‘ப்ளூ ஸோன்’ – கலைச்சொல் வேண்டும்

> முதியோர் பற்றிய கட்டுரையில் ‘நீல மண்டலம்’ என்று போட்டிருக்கிறேன். மாற்றலாமா?

வணக்கம் ஐயா,

மாற்றத்தான் வேண்டும். மிஷேல் பூலான், ஜான்னி பெஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இத்தாலியின் சார்டீனியா தீவில் நூறு வயதைத் தாண்டியவர்கள் மிகுந்த ஊர்களை வரைபடத்தில் நீல மையால் குறித்தார்கள். 2004இல் வந்த ஆய்வுக்கட்டுரையோடு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. கையில் பச்சைப் பேனா இருந்திருந்தால் இன்று பச்சைக்குத் தமிழ் தேடிக்கொண்டிருப்போம்! நீலம் என்றால் நம் வாசகர் கடலோரம் என்று நினைப்பார். அங்கே இருப்பதோ ஆடு மேய்ப்பவர்கள் ஏறி இறங்கும் மலைச்சரிவு.

‘மண்டலம்’ இன்னும் சிக்கல். வெப்ப மண்டலம், கொங்கு மண்டலம் என்று பரந்த நிலத்துக்குத்தான் அது பொருந்தும். இங்கே பேச்சு தீவு முழுவதையும் பற்றியதல்ல, மலைப்பக்கத்துச் சில ஊர்களைப் பற்றியது. மற்ற இடங்களில் நூறைத் தொடுபவர்களில் பெண்களே மிகப் பெரும்பான்மை. அந்த ஊர்களில் ஆண்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. எனவே ‘வட்டாரம்’. ‘நீடு வாழ்க’ என்று வாழ்த்துகிறோமே, அதிலிருந்து ‘நீடுவாழ் வட்டாரம்’ என்று வைக்கலாம்.

---

வட்டாரம் சரி. ஆனால் ‘நீடுவாழ்’ என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடலாமா? ‘ப்ளூ ஸோன்’ என்று சொல்லப்படும் இன்னோர் இடம் ஜப்பானின் ஒகினாவா மாகாணம். 1985இல் அந்த நாட்டிலேயே அதிகச் சராசரி ஆயுள் அங்குள்ள ஆண்களுக்கு. 2000ஆம் ஆண்டுக் கணக்கில் 47 மாகாணங்களில் 26ஆம் இடம். போதாக்குறைக்கு, 1945 போரில் அங்கே குடும்பப் பதிவேடுகள் அழிந்து, பிறகு புதிதாக எழுதப்பட்டவை. இந்த மாதிரி வயதுக் கணக்குகளைக் கிண்டிப் பார்த்த சால் நியூமன் என்ற ஆய்வாளருக்கு 2024இல் இக் நோபல் (சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு) கிடைத்தது. ‘நீலம்’ என்றே விட்டால் எதையும் உறுதிசெய்த மாதிரி ஆகாது.

---

நியாயமான கேள்விதான். ஆனால் ‘நீலம்’ ஒன்றும் நடுநிலை இல்லை, அம்மா. ‘ப்ளூ ஸோன்ஸ்’ இப்போது வணிகப் பெயரும்கூட. அந்த நிறுவனத்தைச் சொல்லும்போது ஒலிபெயர்த்து அப்படியே எழுதுவோம். மக்கள்தொகை ஆய்வில் ‘நீடுவாழ் வட்டாரம்’. வயதுச் சான்று சரிபார்க்கப்படாத இடத்துக்கு முன்னால் ‘கருதப்படும்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போயிற்று. ஆண்டையும் விடாமல் எழுதவேண்டும்: ‘1980களில் நீடுவாழ் வட்டாரமாக இருந்த ஒகினாவா’. அப்புறம், ‘ஸோன்’ வருகிற இடத்திலெல்லாம் வட்டாரம் என்று மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். நேர மண்டலம் அப்படியே இருக்கட்டும்.