பிரஷர் மெஷின் பட்டி பாதியில் கழன்றுவிடுகிறது, வெல்க்ரோவைச் சரிசெய்ய முடியுமா?

கடற்கரைப் பக்கம் (வெள்ளவத்தை):
அம்மாவுக்குக் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து, கொப்பியில் எழுதி, கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். கொஞ்ச நாளாகக் கையில் சுற்றுகிற பட்டியின் வெல்க்ரோ சரியாகப் பிடிப்பதில்லை. சுற்றும்போது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். காற்று ஏறி இறுகும் நேரம் பார்த்து "டர்ர்ர்" என்று பிரிய, மெஷின் எரர் காட்டும். நான் கையால் அழுத்திப் பிடித்தால் நிற்கிறது. அப்படி எடுக்கிற அளவை நம்பலாமா? பாமசியில் பட்டி கேட்டால் புது மெஷினைக் காட்டுகிறார்கள். சின்னவனின் பள்ளிக்கூடச் சப்பாத்திலும் இதே கதைதான். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஊசிநூல் (கொட்டாஞ்சேனை):
அக்கா, முதலில் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பாருங்கள். முள்ளுப் பக்கத்தை வேறொரு நல்ல வெல்க்ரோவின் பஞ்சுப் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள், குடையைச் சுற்றிக் கட்டுகிற வார் இருந்தாலும் போதும். இறுக்கிப் பிடித்தால் முள்ளு நல்லம், பஞ்சுதான் தேய்ந்திருக்கிறது. பிடிக்காவிட்டால் முள்ளுக்குள் தும்பு அடைந்திருக்கும். என்னிடம் தைக்க வருகிறவற்றில் பெரும்பாலும் இதுதான், மாற்றவே தேவையில்லை.

பட்டியை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் முள்ளுகள் வரிசையாக நிற்பது தெரியும். பேன் சீப்பை அந்த வரிசை வழியே இழுங்கள். தலைமுடி, நூல், தூசி எல்லாம் திரி மாதிரித் திரண்டு வரும். மிச்சத்தை ஊசி நுனியால் கிளப்பலாம். கத்தரிக்கோலால் கிண்டினால் முள்ளு முறியும். பஞ்சுப் பக்கம் அமுங்கிப் படிந்திருந்தால், காய்ந்த பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எழுப்புங்கள். பஞ்சில் முள்ளு கொளுவுகிற குட்டி வளையங்கள் அறுந்து மொட்டையாகியிருந்தால் பிரஷ் ஒன்றும் செய்யாது.

புறக்கோட்டைத் தம்பி:
ஓரத்தில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால்?

ஊசிநூல்:
வேண்டாம் தம்பி. பசை வளையங்களுக்குள் இறங்கிக் கல்லாகிவிடும், பிறகு முள்ளு கொளுவ அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. அயன் பெட்டியும் ஆகாது. நைலோன் முள்ளு சூட்டில் வளைவை இழந்தால் திரும்பி வராது.

நைட் டியூட்டி (தெஹிவளை):
நான் தாதி. வெல்க்ரோவைப் பிறகு பார்க்கலாம் தங்கச்சி, அம்மாவின் மேல்கையை அளந்தீர்களா? தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பட்டியில் எந்தச் சுற்றளவுக்கு என்று அச்சடித்திருக்கும், பல வீட்டு மெஷின்களோடு வருவது 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரைக்கும்தான். கை அதைவிடப் பருமனென்றால் நுனி மட்டும்தான் ஒட்டும். காற்று ஏறினால் எந்த வெல்க்ரோவும் பிரியும். அதோடு சின்னப் பட்டி பிரஷரைக் கூட்டிக் காட்டும், தளர்வாகச் சுற்றினாலும் அப்படித்தான். கையால் அமத்திப் பிடித்து எடுத்ததைக் கொப்பியில் எழுதாதீங்கோ. டொக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவார்.

கடற்கரைப் பக்கம்:
அளந்தேன், 35 வருகிறது. பட்டியில் 22–32 என்று போட்டிருக்கிறது. பேன் சீப்பும் போட்டேன். முள்ளுக்குள் அம்மாவின் நரைமுடி, பஞ்சுப் பக்கம் முழுக்க அவர் குளித்துவிட்டுப் பூசுகிற பவுடர், வெள்ளையாகப் படிந்து கிடந்தது. துடைத்த பிறகு பிடி நல்லாக இருக்கிறது. ஆனால் அம்மா கையில் இன்னும் கடைசியில் விலகப் பார்க்கிறது. நுனியில் ஒரு துண்டு வெல்க்ரோ தைத்து நீட்டலாமா?

நைட் டியூட்டி:
நீட்டினால் கழலாது, ஆனால் உள்ளே இருக்கிற காற்றுப்பை நீளாதே. அளவு பிழையாகத்தான் வரும். அதே மெஷினுக்குப் பெரிய பட்டி கேளுங்கள், 22–42 என்று போட்டதும் உண்டு. குழாய் பொருந்துகிறதா என்று மெஷினையும் கொண்டுபோய்ப் பாருங்கள். சுற்றியதும் ஒன்றிரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும். பவுடர் பூசுவதற்கு முன்னமே பிரஷர் பாருங்கள்.

ஊசிநூல்:
தாதி அக்கா சொன்னது சரி, காற்றுப்பை உள்ள பட்டியில் ஊசி போடவும் கூடாது. புதுப் பட்டி வந்ததும், பார்த்து முடித்த கையோடு முள்ளைப் பஞ்சில் ஒட்டி மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் லாச்சிக்குள் இருக்கிற தும்பையெல்லாம் அதுதான் பொறுக்கும். பிரிக்கும்போது நுனியில் பிடித்து உரித்தெடுங்கள்.

சப்பாத்துக்கு முதலில் சீப்பு. அதிலும் பிடிக்காவிட்டால் கெய்சர் வீதிப் பக்கம் தையல் சாமான் கடையில் வெல்க்ரோ வாங்கி, சப்பாத்து தைக்கிறவரிடம் கொடுங்கள். பின்னால் பசை பூசிய வகையை எடுக்காதீங்கோ: பசை ஊசியில் ஒட்டித் தையல் விட்டுப்போகும், மழையில் நனைந்து காய்ந்தால் ஓரம் கிளம்பும். சப்பாத்தைக் கழுவுகிற நாளில் வாரை ஒட்டிவிட்டுக் கழுவுங்கள். கம்ஃபோர்ட் மாதிரி உடுப்பு மெதுவாக்குகிறவை பக்கமே போக வேண்டாம், அவை முள்ளிலும் பஞ்சிலும் படிந்து வழுக்க வைக்கும்.

கடற்கரைப் பக்கம்:
பெரிய பட்டி ஓடர் பண்ணிவிட்டேன். அது வரும்வரை பிரஷர் பார்க்க அம்மாவைக் கிளினிக்குக்கே கூட்டிப் போகிறேன். பேன் சீப்பு இப்போது சப்பாத்துக்குப் போய்விட்டது, வீட்டில் புதுசு ஒன்று வாங்கச் சொல்லி உத்தரவு.