படைப்பு வீட்டில் பதினோரு வெள்ளை வட்டம்: தூசியாம்!

வளவுக்காரன்: முன்னோருக்குப் படையல் போடுகிற எங்கள் படைப்பு அன்று ராத்திரி, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் எடுத்த படத்தில் பதினோரு வெள்ளை வட்டம். மறைந்த பெரியவர்கள் வந்து நின்றார்கள் என்று படத்தை இங்கே போட்டால், ஒருவர் "எல்லாம் தூசி" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகிறார். காலையில்தான் வீடு முழுக்கக் கழுவி விட்டோம். தூசி எங்கிருந்து வரும்?

ஸ்டுடியோக்காரன்: நான்தான் எழுதினேன். கழுவியது ஆத்தங்குடித் தரைக்கல்லை, காற்றையா கழுவினீர்கள்? சின்ன கேமராவில் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கும், நாலு விரற்கடை முன்னால் மிதக்கிற துகளில் பட்ட வெளிச்சம் நேரே லென்ஸுக்குத் திரும்பும், ஃபோகஸ் தூரத்தில் இருப்பதால் அது வட்டமாக உப்பித் தெரியும். புதுச் சேலை வேட்டியை உதறி விரித்தீர்களே, பஞ்சு பறக்காதா? சாம்பிராணி வேறு.

வளவுக்காரன்: கழுவி விட்டோம் என்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி: படைப்பில் போட்டோ எடுப்பதே எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதை முதலில் பேசுங்கள்.

பழம்படப் பிரியன்: இது பழைய கதை. பாஸ்டனில் மம்ளர் என்பவர் 1860களில் ஆவிப்படம் எடுத்து விற்றார். 1869இல் நியூயார்க்கில் மோசடி வழக்கு. வேடிக்கைக் காட்சிகள் நடத்திய பார்னம், லிங்கன் ஆவி தன் பின்னால் நிற்கிற மாதிரி போலிப் படம் எடுக்க வைத்து, மம்ளருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

வளவுக்காரன்: தண்டனை உண்டா?

பழம்படப் பிரியன்: நிரூபிக்க முடியவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

வளவுக்காரன்: ஆக, விட்டுவிட்டார்கள்!

ஸ்டுடியோக்காரன்: அடடா, பாயிண்டைப் பிடித்துவிட்டார். மம்ளர் அந்தக் காலக் கண்ணாடி நெகட்டிவ் தகட்டில் செய்த வேலை வேறு, உங்கள் வட்டம் வேறு. ஃபிளாஷைத் தனியாகக் கழற்றி இரண்டடி தள்ளிப் பிடித்து எடுத்துப் பாருங்கள், அத்தனை பெரியவர்களும் கிளம்பிவிடுவார்கள். இருபது வருஷம் கல்யாணப் படம் எடுத்தவன் சொல்கிறேன்.

வளவுக்காரன்: தெரியுமே. என் தங்கச்சி கல்யாணத்தில் திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற, நேரத்தில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தவர்தானே?

ஸ்டுடியோக்காரன்: முகூர்த்தத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளியது யார்? பாக்கிப் பணம் இன்னும் வரவில்லை, அதையும் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: கழுவின ஈரத்தில் நீர்த்துளி இருந்தாலும் இப்படி விழுமாமே?

ஸ்டுடியோக்காரன்: விழும் ஆச்சி! தூசியோ, துளியோ, லென்ஸுக்குப் பக்கத்தில் எது மிதந்தாலும் விழும். அடுத்த படைப்புக்கு நானே வந்து எடுத்துக் காட்டுகிறேன்.

வளவுக்காரன்: படைப்புக்குப் பங்காளிகள்தான் வருவார்கள். நீங்கள் ஆல்பத்தைக் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், அன்றைக்குக் கழுவித்தான் விட்டோம்.