மறு: வேலட் இற்றைப்படுத்தலில் 'சரிபார்' என்ற ஒரே சொல் போதுமா?

வணக்கம் நண்பர்களே,

வேலட் செயலியின் (பிட்காயின் போன்ற மின்பணத்தைக் கையாளும் செயலி) தமிழாக்கத்தில் 'வெரிஃபை' வரும் இடங்களில் எல்லாம் 'சரிபார்' என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம் என்று இந்த இழை முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். மற்ற பக்கங்களில் எப்படியோ போகட்டும், இற்றைப்படுத்தல் ('அப்டேட்') பக்கத்தில் அந்தச் சொல் இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. படிப்பவர் ஒன்றைச் செய்து முடித்ததுமே இரண்டும் முடிந்ததாக நம்பிவிடுவார். பணம் போவது அங்கேதான்.

நாம் இறக்கிய கோப்பும் தளத்தில் வெளியிட்ட கோப்பும் ஒன்றுதானா என்று பார்ப்பது ஒரு வேலை. கோப்பின் மேல் ஷா-256 கணக்கை ஓட்டினால் 64 எழுத்தில் ஒரு வரி வரும், அதுதான் ஹேஷ். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அந்த வரி முழுக்க வேறாகிவிடும். தளத்தில் போட்டிருக்கும் வரியோடு வைத்துப் பார்க்கிறோம், பொருந்தினால் சரி. ஆனால் தளத்தில் அந்த வரியைப் போட்டது யார்? நிரலை எழுதியவரா, தளத்துக்குள் புகுந்த திருடனா? அந்த 64 எழுத்து இதைச் சொல்லாது. இதை அறிவது வேறு வேலை. அதற்கு நிரலை எழுதியவர் தன் இரகசியச் சாவியால் இட்ட மின்கையொப்பம் வேண்டும், அதைச் சோதிக்க உதவும் அவருடைய பொதுச்சாவி நமக்கு வேறு வழியில் தெரிந்திருக்கவும் வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். 2019 நவம்பரில் மொனேரோ என்ற மின்பணத்தின் அதிகாரபூர்வத் தளத்திலேயே லினக்ஸ் கட்டளைவரி வேலட்டை எடுத்துவிட்டுத் திருட்டுக் கோப்பை வைத்துவிட்டார்கள். தான் இறக்கிய கோப்பின் ஹேஷ் தளத்தில் உள்ளதோடு பொருந்தவில்லை என்று ஒரு பயனர் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எழுதினார், அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. அங்கே முதல் வேலையே காப்பாற்றியது. ஆனால் 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் புகுந்தவர் கோப்பின் இணைப்பை மாற்றியதோடு நிற்கவில்லை, பக்கத்தில் இருந்த செக்சத்தையும் (ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஹேஷ் வரி) தன் கோப்புக்கு ஏற்ப மாற்றிவிட்டார். அன்று அந்தப் பக்கத்தை மட்டும் நம்பி வைத்துப் பார்த்தவருக்கு எல்லா எழுத்தும் பொருந்தியிருக்கும். நம் இப்போதைய தமிழில் சொன்னால், அவர் 'சரிபார்த்துவிட்டார்'.

எலெக்ட்ரம் என்ற பிட்காயின் வேலட்டில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே திருட்டு இற்றைப்படுத்தலின் பெயரிலேயே நடந்தது. 2018 டிசம்பரில் திருடர்கள் தாங்களே நடத்தும் எலெக்ட்ரம் சர்வர்களை வலையமைப்பில் நுழைத்தார்கள். பயனர் பணம் அனுப்ப முயன்றதும் அந்த சர்வர் ஒரு பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பும். புதிய பதிப்பை நிறுவச் சொல்லி அதில் ஓர் இணைப்பும் இருக்கும். பழைய பதிப்புகள் அதை வேலட்டே சொல்வதைப் போலக் காட்டின. இணைப்பைத் தொட்டால் கிட்ஹப்பில் இருந்த ஒரு போலிக் களஞ்சியத்துக்குப் போகும். சில நாட்களிலேயே 200 பிட்காயினுக்கு மேல் போனது. 2017க்குப் பிறகு திறக்காத வேலட்டை 2020இல் திறந்த ஒருவர், அதே வலையில் 1,400 பிட்காயின் இழந்ததாக எழுதினார். இற்றைப்படுத்தாமல் விட்டதும் ஆபத்தாயிற்று, கேட்டவுடன் இற்றைப்படுத்தியதும் ஆபத்தாயிற்று. உண்மையான எலெக்ட்ரம் வெளியீட்டில் அதைத் தொடங்கிய தாமஸ் வோக்ட்லினின் கையொப்பம் இருக்கும். அவருடைய சாவியை வைத்துப் பார்த்தவரிடம் அந்தப் போலி செல்லுபடியாகியிருக்காது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

எங்கள் வேலூரில் பத்திர எழுத்தர்களிடம் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும். இந்த இரண்டு வேலைக்கும் அங்கே தனித்தனிச் சொல் புழங்குகிறது. பதிவான பத்திரத்தின் நகலை அசலோடு வரிக்கு வரி வைத்துப் பார்ப்பது 'ஒப்பு நோக்குதல்'. பத்திரம் எழுதிக் கொடுப்பவர் சார்பதிவாளர் முன் நிற்கும்போது, இவர்தான் அவர் என்று சொல்ல இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் 'இன்னாரென்று நிரூபித்தவர்கள்' என்று இருக்கும். நகல் பிசகில்லாமல் இருப்பதால் எழுதிக் கொடுத்தவர் இன்னாரென்று ஆகிவிடாது. ஆள்மாறாட்டம் செய்து பதிந்த பத்திரத்துக்கும் பிசகில்லாத நகல் கிடைக்கும். ஒருமுறையாவது மனை வாங்கியவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஹேஷை வைத்துப் பார்ப்பதற்கு 'ஒப்புநோக்கல்', கையொப்பத்தைச் சோதித்து வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்வதற்கு 'இன்னாரறிதல்' என்று முன்மொழிகிறேன்.

இந்த இழையில் முன்பு ஆம்பூர் அண்ணன் இரண்டுக்கும் சேர்த்துச் சொன்ன 'உரைகாணல்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உரைகல் தங்கத்தின் மாற்றைச் சொல்லும், நகையைக் கொண்டுவந்தவர் யார் என்று சொல்லாது. தவிர, மாற்றில் கூடுதல் குறைவு உண்டு. ஹேஷில் பாதிப் பொருத்தம் என்று ஒன்று கிடையாது. முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும் சொல் வேண்டாம், அண்ணே.

> ஹேஷுக்குக் 'கோப்பு ரேகை' என்று வைக்கலாமே. கைரேகை எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ராணிப்பேட்டைத் தோழிக்கு: எளிமை என்ற வகையில் இதை மிஞ்ச முடியாது. என் தயக்கம் வேறு. ரேகை என்றதும் மனதில் வருவது ஓர் ஆள். 'ரேகை பொருந்தியது' என்று படித்தவர், இது அவருடையதுதான் என்று முடிவு கட்டிவிடுவார். கோப்பின் ஹேஷ் சொல்லவே முடியாத ஒன்றை அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. அதை 'சுருக்கெண்' என்று வைப்போம். எத்தனை பெரிய கோப்பானாலும் ஒரே நீளமுள்ள எண்ணாகச் சுருக்குவதுதான் அதன் வேலை. அதில் வரும் ஆங்கில எழுத்துகளும் பதினாறடி எண்முறையின் இலக்கங்கள்தான் என்பதால் 'எண்' தவறாகாது. 'ரேகை'யை விட்டுவிடவும் வேண்டாம். பொதுச்சாவிக்கு ஓர் அடையாளம் உண்டே, நான்கு நான்காகப் பிரித்து எழுதும் 40 எழுத்து, அதற்குச் 'சாவி ரேகை' என்று வைக்கலாம். அங்கே பின்னால் உண்மையிலேயே ஓர் ஆள் இருக்கிறார்.

இப்போது நம் செயலியில் மிக மோசமாக இருக்கும் இடம். கையொப்பத்தைச் சோதிக்கும் ஜிபிஜி நிரல் தரும் செய்தியை அப்படியே மொழிபெயர்த்து 'நல்ல கையொப்பம்' என்று போட்டிருக்கிறோம். பச்சை நிறத்தில் வேறு காட்டுகிறோம். ஜிபிஜி அதோடு நிறுத்துவதில்லை. இந்தச் சாவி நம்பகமான கையொப்பத்தால் சான்றளிக்கப்படவில்லை, கையொப்பம் உரிமையாளருடையதுதான் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை என்று அடுத்த வரிகளில் எச்சரித்துவிட்டுத்தான், கடைசியில் சாவி ரேகையைக் காட்டுகிறது. நம் பக்கத்தில் அந்த எச்சரிக்கை 'விவரம்' என்ற பொத்தானுக்குள் மடங்கிக் கிடக்கிறது. வோக்ட்லின் என்ற பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் ஒரு சாவி உருவாக்கலாம். அதைக் கொண்டு போலிக் கோப்பில் கையொப்பமிட்டு, சாவியையும் அதே போலித் தளத்தில் வைத்தால், ஜிபிஜி 'நல்ல கையொப்பம்' என்றுதான் சொல்லும். கணக்குப்படி அது சரியே. 'நல்ல' என்ற தமிழ்ச் சொல்தான் கணக்கைத் தாண்டி உறுதி கொடுக்கிறது. இப்படி மாற்றலாம்: 'கையொப்பம் இந்தச் சாவியோடு பொருந்துகிறது. சாவி இன்னாருடையது என்று இன்னும் அறியப்படவில்லை.' இரண்டு வரியும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும்.

கைபேசி பற்றியும் ஒன்று. ஆண்ட்ராய்டில் இன்னாரறிதலின் ஒரு பாதி தானாகவே நடக்கிறது. ஏற்கெனவே நிறுவிய செயலியின் மேல் வேறு சாவியால் கையொப்பமிட்ட ஏபிகே என்ற நிறுவல் கோப்பைப் போட்டால் கைபேசி ஏற்காது, செயலி நிறுவப்படவில்லை என்று சொல்லிவிடும். ஆர்க்காடு சாலையில் ஒரு கைபேசிக் கடையில் நான் நின்றிருந்தபோது ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த வேலட் 'அப்டேட்' நிறுவ முடியவில்லை என்று கொண்டுவந்தார். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "பழசை அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போடுங்க, ஏறிடும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எல்லாச் செயலிக்கும் சொல்வதையே சொன்னார். ஆனால் பழசை நீக்கினால் அந்தக் காவலும் சேர்ந்து போகிறது. வேலட்டின் தரவும் போவதால், புதிதாக வந்தது முதல் வேலையாக வேலட்டை மீட்கவும் அதிலுள்ள பணத்தை எடுக்கவும் போதுமான 12 விதைச்சொற்களைக் கேட்கும். போலியாக இருந்தால் அதோடு கதை முடிந்தது. நல்லவேளையாக அவரிடம் பேசிப் பழைய செயலியை நீக்காமல் இருக்கச் செய்ய முடிந்தது. 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம்தான், ஆனால் பிட்காயின் பரிமாற்றத்தை நடுவழியில் நிறுத்திவைக்க எந்த வங்கியும் கிடையாது. அந்தப் பிழைச் செய்தி வரும் நேரத்தில் காட்ட நம் உதவிப் பக்கத்தில் தமிழில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து

———

குடியாத்தத்திலிருந்து:

தம்பி, ஒப்புநோக்கலும் சுருக்கெண்ணும் எனக்குச் சம்மதம். 'இன்னாரறிதல்' மட்டும் இடிக்கிறது. பழைய இலக்கியத்தில் 'இன்னார்' என்றால் பகைவர். 'இன்னா' என்றால் தீங்கு. பாதுகாப்புக்கு வைக்கும் சொல்லில் அது எதற்கு? 'மெய்யறிதல்' என்று வைத்தால் சுருக்கமாகவும் இருக்கும், காதுக்கும் நன்றாக இருக்கும். பொத்தானில் 'இன்னாரறி' என்று போட்டால் யாருக்குப் புரியும் என்பதையும் யோசிக்கவும்.

———

காட்பாடியிலிருந்து:

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். பொத்தானில் கலைச்சொல்லே வேண்டாமே? 'ஒப்பமிட்டவர் யார்?' என்று கேள்வியாகவே போடலாம். தட்டினால் சாவி ரேகை வரட்டும். என் வகுப்பில் சிலரிடம் காட்டினேன், விளக்காமலேயே புரிந்துகொண்டார்கள். இன்னொரு கேள்வி: பிட்காயின் கோர் என்ற செயலியில் 22.0 பதிப்பு முதல் ஒரே கோப்புப் பட்டியலில் பலர் கையொப்பமிடுகிறார்கள். அங்கே ஒருமையில் 'யார்' என்று கேட்பது சரியா?

———

குடியாத்தம் ஐயாவுக்கு வணக்கம்.

பழைய பொருள் நீங்கள் சொன்னதேதான், மறுக்கவில்லை. ஆனால் 'இன்னார் மகன்', 'இன்னாருக்குச் சொந்தம்' என்று இன்றும் நம் பக்கத்தில் பேசுகிறோம், பத்திரத்திலும் எழுதுகிறோம். அங்கே யாரும் பகைவரை நினைப்பதில்லை.

'மெய்யறிதல்' வேண்டாம் என்பதற்குக் காரணம் ஓசையோ நீளமோ இல்லை, ஐயா. கையொப்பம் மெய்யைச் சொல்வதில்லை. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் பின்கதவு (கள்ளத்தனமாக நுழையும் வழி) வெளிப்பட்டதே, 5.6.0, 5.6.1 ஆகிய அந்த இரண்டு பதிப்புகளும் முறையாகப் பராமரிப்பாளராக இருந்தவரே வெளியிட்டுக் கையொப்பமிட்டவைதான். கையொப்பத்தில் ஒரு குறையும் கிடையாது, பின்கதவை வைத்ததே அவர்தான். 'மெய்யறிந்தது' என்று நம் செயலி அங்கே சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும். 'இன்னாருடையது' என்று சொல்லியிருந்தால் அதில் பிழை இருந்திருக்காது. கையொப்பம் எதை உறுதிசெய்கிறதோ, அதற்கு மேல் ஒரு அணுவளவும் சொல்லாத சொல் வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

காட்பாடித் தம்பிக்கு: பொத்தானுக்கு நீங்கள் சொன்னதையே வைத்துக்கொள்வோம். பலர் கையொப்பமிடும் இடத்தில் 'ஒப்பமிட்டவர்கள் யார் யார்?' என்று வரட்டும். அங்கே இன்னொன்றும் நடக்கிறது. ஒரே மூலநிரலை ஒவ்வொருவரும் தம் கணினியில் தனித்தனியாகக் கட்டி (இயங்கும் கோப்பாக மாற்றி), எல்லோருக்கும் ஒரே சுருக்கெண் வந்த பிறகுதான் கையொப்பமிடுகிறார்கள். ஒருவருடைய கணினி கெட்டுப்போயிருந்தாலும் மற்றவர்களுடைய எண் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத் தனிச்சொல் வேண்டும். 'ஒத்தகட்டு' என்று மனதில் இருக்கிறது, இன்னும் திருப்தியில்லை. அதைத் தனி இழையில் பேசலாம்.

சுருக்கெண், ஒப்புநோக்கல், சாவி ரேகை மூன்றையும் இன்றிரவு மொழிபெயர்ப்பு வரிகள் உள்ள சரக்கோப்பில் ஏற்றிவிடுகிறேன். 'நல்ல கையொப்பம்' வரியையும் இன்றே எடுத்துவிடுகிறேன், அது காத்திருக்கக் கூடாது. இன்னாரறிதல் உதவிப் பக்கத்தில் மட்டும் வரும். ஐயா வெள்ளிக்கிழமைக்குள் வேறு சொல் தந்தால் அதையும் வைத்துப் பேசிவிட்டு ஏற்றலாம். பழைய செயலியை நீக்காமல் இற்றைப்படுத்துவது எப்படி என்ற உதவிக் குறிப்பை ராணிப்பேட்டைத் தோழி எழுதித் தர முடியுமா? கடைக்காரர் வாசித்தாலும் புரியும்படி, நான்கைந்து வரியில் இருந்தால் போதும்.