ஈ.பி. பில் திடீர்னு மூணு மடங்கு: கட்டணுமா, எங்கே எழுதணும்?

வேளச்சேரி_வாசி:
சிங்கிள் ஃபேஸ் வீட்டு இணைப்பு. ரெண்டு மாசத்துக்கு வழக்கமா 380 யூனிட்தான் வரும், இந்தத் தடவை 1,140. புதுசா ஏசி எதுவும் போடலை. பிரிவு அலுவலகத்துல "மீட்டர் காட்டினதைத்தான் எழுதினோம், முதல்ல கட்டுங்க"ன்னு வாயாலேயே சொல்லி அனுப்பிட்டாங்க. கட்டலைன்னா ஃபியூஸைப் பிடுங்கிடுவாங்களா?

மீட்டர்போர்டு:
எழுதுறதுக்கு முன்னாடி மீட்டரைப் பாருங்க. டிஸ்பிளே மாறி மாறி எண் காட்டும், கே.டபிள்யூ.எச். (அதாவது ஓடின யூனிட்) வரும்போது போட்டோ எடுங்க. அது பில்லுல இருக்கிற ரீடிங்கை விடக் குறைவா இருந்தா, எழுதினவர் தப்பு. ஃபிளாட்டா இருந்தா மீட்டர் நம்பரும் உங்களோடதுதானான்னு பாருங்க, பக்கத்து வீட்டோட மாறிக் கிடக்கிறது உண்டு.

அடுத்து மெயினை அணைங்க. அப்பவும் சிவப்பு எல்.ஈ.டி. சிமிட்டினா, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல வேற லைன் சேர்ந்திருக்கலாம், பொது மோட்டாரா இருக்கும். நின்னுட்டா, 1000 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. மீட்டர் முகப்புல 3200 இம்ப்னு இருந்தா, 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். அதாவது நிமிஷத்துக்கு 53 பக்கம் வரணும். அயர்ன் சூடாகித் தானா கட் ஆகுறதுக்குள்ள எண்ணி முடிங்க. 80க்கு மேல போனா மீட்டர்மேல சந்தேகப்படலாம். அதை எழுத்துல கொடுங்க: 2024ல திருத்தின நுகர்வோர் உரிமை விதிகள்படி, 5 நாளுக்குள்ள கூடுதல் மீட்டர் வச்சு, குறைஞ்சது 3 மாசம் ஒப்பிட்டுப் பார்க்கணும்.

குறைதீர்_மன்றம்:
ஃபியூஸ் விஷயம்: 2003 மின்சாரச் சட்டம் 56ஆம் பிரிவுப்படி, முழுசா 15 நாள் கொடுத்து எழுத்துல நோட்டீஸ் தராம துண்டிக்கக் கூடாது. தகராறு இருக்கும்போது, கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாசச் சராசரி, ரெண்டுல எது குறைவோ அதை "ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்"னு எழுதிக் கட்டினா, முடிவு வர்ற வரைக்கும் துண்டிக்க முடியாது. சும்மா கட்டாம மட்டும் விட்டுடாதீங்க, அங்கேதான் நிறைய பேர் தோத்துப் போறாங்க.

மனுவைப் பிரிவு அலுவலகத்துக்கு ரெண்டு பிரதியா எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல சீலும் தேதியும் வாங்குங்க. மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987லயும் பதிஞ்சு, புகார் எண்ணைக் குறிச்சு வைங்க.

வேளச்சேரி_வாசி:
ரீடிங் சரிதான், எல்.ஈ.டி.யும் 54. ஆனா போன ரெண்டு பில்லுலயும் "டோர் லாக்"னு (வீடு பூட்டியிருந்ததால ரீடிங் எடுக்கலைன்னு) போட்டு, பழைய தொகையையே வாங்கியிருக்காங்க.

குறைதீர்_மன்றம்:
அப்போ விடை உங்க எண்ணுலயே இருக்கு: 1,140ஐ மூணால வகுங்க, 380. ஆறு மாச ஓட்டத்தை ஒரே பில்லா போட்டுட்டாங்க. இதுல மூணு நஷ்டம். ஒவ்வொரு பில்லுலயும் 100 வீதம் 300 யூனிட் இலவசம் வரணும், 100தான் வந்திருக்கு. 500ஐத் தாண்டினதால 101–200க்கான குறைஞ்ச கட்டணம் போச்சு. ஆயிரத்துக்கு மேல உள்ளது உச்ச ஸ்லாப்ல விழுந்திருக்கு.

மனுவுல "கட்டணம் அதிகம்"னு எழுதாதீங்க. மூணு பில் தேதியையும் போட்டு, "380 வீதம் மூணு காலத்துக்குப் பிரிச்சுக் கணக்கிட்டு, ஏற்கெனவே கட்டின ரெண்டு தொகையையும் கழிச்சுத் தரவும்"னு கேளுங்க. உதவிப் பொறியாளர் மறுத்தா, உங்க மின் பகிர்மான வட்டத்தோட மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். அந்த உத்தரவும் சரியில்லைன்னா, 30 நாளுக்குள்ள கிண்டியில மின்குறை தீர்ப்பாளர்கிட்ட மேல்முறையீடு. ரெண்டு இடத்துக்கும் வக்கீல் வேணாம்.