தினமும் விதையைத் தோண்டிப் பார்க்கும் மகள்: என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி மாடி:
வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். மகளுக்கு நாலு வயது. பங்குனி பிறந்த அன்று அவளும் நானும் மாடியில் ரெண்டு பையில் மண் நிரப்பி, இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை போட்டோம். மாமனார் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் கேட்டு வாங்கி, பேப்பரில் மடித்துக் கொடுத்தது; ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. மறுநாள் காலையிலேயே மேலே போய் விரலால் கிளறி, ஒரு விதையை நகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு வந்தாள். "இன்னும் தூங்குதுப்பா" என்றாள். அடுத்த நாளும் அதே. அஞ்சாம் நாள் அதட்டிவிட்டேன். அழுதவள், சாயங்காலம் மறுபடியும் தோண்டினாள்.

இன்றோடு பத்து நாள். அவள் கை எட்டாத மூலையில் மட்டும் மூணு முளை. இன்னும் நாற்பது நாளில் அக்னி நட்சத்திரம் வேறு. கத்திரியில் கத்தரியா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அவளை எப்படித் தடுப்பது?

அணைக்கட்டுக்காரன்:
கத்தரி முளைக்கவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அப்புறம் நாற்றுப் பிடுங்கி நட மூணு வாரம். நாலு வயதுக்கு அதெல்லாம் ஒரு யுகம் சார். அதிலும் இது காம்பு, இலை எல்லாம் முள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், எண்ணெய்க் கத்தரிக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பறிக்கிற வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு வெண்டை போடுங்கள். ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் நாலஞ்சு நாளில் முளை, ஒன்றரை மாதத்தில் காய். வெயிலும் தாங்கும். சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.

காட்பாடி ஆயா:
தோண்டாதே என்றால் பிள்ளை தோண்டத்தான் செய்யும். தோண்டாமல் பார்க்க வழி செய்யுங்கள் தம்பி. தண்ணி பாட்டிலைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்புங்கள். நாலு காராமணியைப் பாட்டில் சுவரை ஒட்டினாற்போல் செருகுங்கள். வெளியே பழைய காலண்டர் தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் வேருக்கு இருட்டு. பார்க்க வேண்டும் என்றால் தாளை உருவட்டும். என் பேரன் மூணாம் நாள், "ஆயா, வால் முளைச்சிருக்கு" என்று தெருவையே கூப்பிட்டான். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும், டேப் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. வெயில் ஏறிய பிறகு மாடிக் குழாயில் முதலில் வருகிற தண்ணி கொதிக்கும். பிள்ளை கையிலும் விடாதீர்கள், செடிக்கும் ஊற்றாதீர்கள்.

பாகாயம் பால்கனி:
எல்லாப் பழியையும் பாப்பா மேல் போடாதீர்கள். எங்கள் வீட்டில் கீரை விதையை எறும்பே தூக்கிப் போயிற்று. அப்புறம் பக்கத்தில் ஒரு பிடி நொய் தூவினேன், எறும்பு அந்தப் பக்கம் போய்விட்டது.

சத்துவாச்சாரி மாடி:
நாலு நாள் கழித்து வருகிறேன். ஆயா சொன்னதுதான் பலித்தது. ரெண்டாம் நாளே காராமணி உப்பித் தோல் வெடித்தது, இன்று வேர் விரல் நீளம். இருபது தடவை தாளை உருவுகிறாள், மூணு ரப்பர் பேண்ட் அறுந்தாயிற்று. நொய்யும் தூவியிருக்கிறேன். வெண்டை ஊறிக்கொண்டிருக்கிறது. கத்தரிப் பை பக்கம் அவள் எட்டிப் பார்ப்பதே இல்லை. அதில் இப்போது ஆறு முளை. ராத்திரி டார்ச் அடித்து எண்ணிவிட்டு வருவது நான்தான்.