தோரோங் லாவைக் கடந்த நாள்: வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

கொடிவழி எழுதியது:

அக்டோபரில் அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்குக் கிளம்பும் மூன்று பேர் இங்கே விவரம் கேட்டிருந்தார்கள். மூவரும் கேட்டது தோரோங் லாவைக் கடக்கும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான். நான் கடந்த நாளை எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள். தூரமும் உயரமும் எந்த வரைபடத்திலும் கிடைத்துவிடும். அன்று வழியில் எதிர்ப்பட்ட மனிதர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நேபாளத்தில் மனாங் பள்ளத்தாக்குக்கும் முஸ்தாங்குக்கும் நடுவே நிற்கும் கணவாய் இது. உயரம் 5,416 மீட்டர். கிழக்கே சுமார் 4,500 மீட்டரில் உள்ள தோரோங் பேதியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, மாலைக்குள் மேற்கே முக்திநாத்தில் இறங்க வேண்டும். 900 மீட்டருக்கு மேல் ஏற்றம், அதன்பின் 1,600 மீட்டர் இறக்கம். இடையில் ஹை கேம்ப் என்ற தங்குமிடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிவிட்டால் மறுபக்கம் வெகுதூரம் இறங்கும் வரை தங்க இடம் கிடையாது. மூட்டை முடிச்சுகளும் நம்மோடுதான் வருகின்றன. போன வழியே திரும்பும் நடை இல்லை இது.

நாங்கள் நான்கு மணிக்குக் கிளம்பினோம். எனக்கு அப்போது வயது 51. வழிகாட்டி குருங் இனத்து இளைஞர் ஒருவர். பத்து நாட்களாக என்னை ‘தாஜு’ என்றுதான் கூப்பிடுவார், நேபாளியில் அண்ணன். பேதியிலிருந்து ஹை கேம்ப் வரை பாதை மலையை வளைத்து வளைத்துச் செங்குத்தாக ஏறுகிறது. இருட்டில் எனக்கு மேலே நெற்றிவிளக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை எட்டிப் பிடிக்கும் ஆசையில் கால்கள் தாமாக வேகமெடுத்தன. தம்பி சட்டென்று என் முன்னால் வந்து நின்றுகொண்டார். “பிஸ்தாரை, தாஜு. பிஸ்தாரை.” மெதுவாக, அண்ணா, மெதுவாக. அதன்பிறகு கணவாய் வரை அவர் என்னை முந்தவிடவே இல்லை. அவருடைய காலணியின் பின்புறம் ஒட்டியிருந்த பனிப்பொடியைப் பார்த்தபடியே ஏறினேன். அடிக்கு ஒரு மூச்சு. செங்குத்தான இடங்களில் அடிக்கு இரண்டு. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். அவர் மறித்து நின்றிராவிட்டால் நான் ஹை கேம்ப்பிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பையிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் குழாய் ஆறு மணிக்கெல்லாம் உறைந்துவிட்டது. சட்டைக்குள் வைத்திருந்த பாட்டில்தான் காப்பாற்றியது. மாற்று பேட்டரிகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் அவை செத்துப்போகும். ‘இதோ உச்சி’ என்று மனம் துள்ளும் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றின் பின்னும் இன்னொரு மேடு. எட்டே முக்காலுக்குக் கொடிகள் தெரிந்தன. பிரார்த்தனைக் கொடிகள் குவியல் குவியலாக, ஒன்றன்மேல் ஒன்று கட்டப்பட்டு, காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

அங்கே கல்லடுக்கிய ஒரு தேநீர்க் குடில் உண்டு. உள்ளே இருந்தவர் தம் கையுறையைக் கழற்றி என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் எலுமிச்சைத் தேநீர்க் குவளையை என் இரண்டு கைகளுக்குள்ளும் திணித்துவிட்டார். விலை கீழே இருப்பதைவிடப் பலமடங்கு. எரிவாயுவும் சர்க்கரையும் குதிரை முதுகில் அந்த உயரத்துக்கு ஏற வேண்டியிருக்கிறதே, அந்தக் காசை நான் முழு மனதோடு கொடுத்தேன்.

பத்து மணிக்கு மேல் முஸ்தாங் பக்கத்துக் காற்று எழும்பிவிடும் என்று தம்பி அவசரப்படுத்தினார். இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: முழங்கால் வலி, தூசி, எதிரே தவளகிரிச் சிகரம். மழைமறைவுப் பகுதி என்பதால் பச்சையே இல்லாத பழுப்பு மலைகள். இரண்டரை மணிக்கு முக்திநாத் கோயில் மதில் தெரிந்தது.

உள்ளே 108 தாரைகள் அரைவட்டமாகக் கொட்டும் இடத்தில் நின்றேன். காளைமுகக் குழாய்களிலிருந்து பனியுருகிய நீர் விழுகிறது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: “நீங்கள் எந்த ஊர்?” பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு காதில் விழுந்த தமிழ். ஈரப் புடவையோடு ஒரு வயதான அம்மா. கோயமுத்தூர் என்று சொல்ல வாயெடுத்தேன், குரல் எழவில்லை. அவர் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தட்டையை எடுத்து, இரண்டாக உடைத்து, பாதியை என் உள்ளங்கையில் வைத்தார்.

காவிரிக்கரை எழுதியது:

அது என் அம்மா இல்லை, ஆனால் அப்படியே அவரைப் போல இருக்கிறது! நாங்கள் மறுபக்கத்திலிருந்து போனவர்கள். வைணவர்களுக்கு முக்திநாத்தான் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம். ‘சாளக்கிராமம் அடை நெஞ்சே’ என்று திருமங்கையாழ்வார் பாடிய தலம். என் அம்மா அந்தப் பாசுரங்களை ஐம்பது வருடமாகச் சேவித்தவர். பொக்காராவிலிருந்து ஜீப்பில் ஜோம்சோம், அங்கிருந்து ரானிபௌவா. பிறகு கோயில்வரை ஏற்றமும் படிகளும்.

மலையேறுகிறவர்கள் நாள்கணக்கில் உடம்பைப் பழக்கிக்கொண்டு வருகிறார்கள். யாத்திரைக்காரர்கள் ஆயிரம் மீட்டர்கூட இல்லாத பொக்காராவிலிருந்து ஓரிரு நாளில் 3,700 மீட்டருக்கு மேல் வந்து நிற்கிறார்கள். பயண ஏற்பாட்டாளர் யாரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை. வயதானவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் தயவுசெய்து நடுவில் ஓர் இரவாவது தங்குங்கள்.

பாதிப் படியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அப்போது கணவாயிலிருந்து இறங்கி வந்த ஒருவர், முகமெல்லாம் தூசி, உதடு வெடித்திருந்தது, தன் ஊன்றுகோல்களில் ஒன்றை நீட்டினார். கொரியா நாட்டவர் என்று பிறகு தெரிந்தது. அம்மாவின் உயரத்துக்கு ஏற்ப அதைக் குறுக்கித் திருகி, வாரை அவர் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். நாங்கள் தாரைகளைச் சுற்றி, பெருமாளைச் சேவித்துவிட்டு, நீருக்குப் பக்கத்தில் இயற்கை வாயு தீச்சுடராக எரியும் ஜ்வாலா மாயி சன்னிதிக்கும் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் மதில்வாசலில் பையின்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரை எழுப்பவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கண் விழித்ததும் அவர் கையில் துளசி வைத்தார். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் தொப்பி மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

நீலக்குறிஞ்சி எழுதியது:

நான் தோரோங் லாவைக் கடக்கவில்லை. கடக்காதவர்களும் இங்கே பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

2019 ஏப்ரல். விடுமுறை குறைவு என்று மனாங்கில் ஓர் இரவு மட்டும் தங்கினோம். அங்குள்ள இமாலய மீட்புச் சங்கத்தின் மையத்தில் உயரநோய் பற்றி மருத்துவர்கள் விளக்குகிறார்கள், அதற்கும் போகவில்லை. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது அடிப்படை விதி. நாங்கள் யாக் கார்க்காவிலிருந்து ஒரே நாளில் ஹை கேம்ப்புக்கு, ஏறக்குறைய 800 மீட்டர் ஏறினோம்.

சாயங்காலம் தலைவலி. இரவு வாந்தி. எல்லோருக்கும் இருப்பதுதானே, காலையில் கடந்துவிடலாம், அந்தப் பக்கம் இறக்கம்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். சமையற்கட்டில் இருந்த தீதி, அங்கே அக்காவுக்கு அதுதான் சொல், என் தட்டில் பருப்பும் சோறும் தொடாமல் கிடந்ததைக் கவனித்திருக்கிறார். என்னை எழுப்பி, தரைப்பலகைகள் சேரும் கோட்டைக் காட்டி, குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சுவரில் சாய்ந்துவிட்டேன். மூளையில் நீர்கோக்கத் தொடங்கியதற்கு அது அறிகுறி என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். தீதிக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

வழிகாட்டியை எழுப்பியது அவர்தான். விடியட்டும் என்று சொன்னவர்களிடம் முடியாது என்று சண்டை போட்டதும் அவர்தான். ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, என் ஜாக்கெட்டுக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். இரண்டு பேர் இருபுறமும் பிடித்துக்கொள்ள, இரவு பதினொரு மணிக்கு இறங்க ஆரம்பித்து, பேதியையும் தாண்டிக் கீழே போனோம். விடியும்போது தலை தெளிந்திருந்தது. இறக்கம்தான் மருந்து, மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போவது மருந்தே இல்லை. மறுநாள் கணவாய் ஏறியிருந்தால், இறங்க வேண்டிய நான் முதலில் இன்னும் 550 மீட்டர் மேலே போயிருப்பேன்.

பனிவிழி எழுதியது:

2014 அக்டோபர் 14 அன்று நான் மனாங்கில் இருந்தேன். வங்காள விரிகுடா வழியாக வந்து 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூத்ஹூத் புயலின் மிச்சம் நேபாள மலைகளில் பனியாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோரோங் லா அருகில் மட்டும் பலர்.

எங்கள் விடுதிக்கார முதியவர் முந்தின நாளே வானத்தைப் பார்த்துவிட்டு, போகாதீர்கள் என்றார். தங்கிவிட்டோம். அதைவிட எனக்கு மறக்காத ஒன்று இருக்கிறது. மேலிருந்து மீண்டு வந்தவர்களில் ஒரு சுமைதூக்கி. இருபது வயதுகூட இருக்காது. காலில் துணிக் காலணி. அடுப்பருகே உட்காரவைத்து நாங்கள் கழற்றியபோது அது பனியோடு விறைத்து, கால் வடிவத்திலேயே நின்றது. வெளிநாட்டவர் ஒருவரின் பை அது வரைக்கும் அவர் முதுகில் இருந்திருக்கிறது. பைக்குள் ஒரு ஜோடி கனமான உதிரிக் காலணிகள்.

அக்டோபரில் போகிறவர்களே, உங்கள் சுமையைத் தூக்குகிறவருக்குப் பனிக்காலணி, கையுறை, கறுப்புக் கண்ணாடி, காப்பீடு இருக்கிறதா என்று கிளம்பும் ஊரிலேயே நேரில் பாருங்கள். இருக்கிறது என்று முகவர் சொன்னால் போதாது, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மேற்குவாசல் எழுதியது:

நான் தலைகீழாக, முக்திநாத்திலிருந்து மனாங்குக்கு நடந்தேன். ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏற்றம். யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எதிரே வந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூட என்னை வாழ்த்தாமல் கடக்கவில்லை. அதற்குப் பதில் சொல்லவும் எனக்கு மூச்சில்லை, கையை மட்டும் உயர்த்தினேன்.

கொடிவழி எழுதியது:

நீலக்குறிஞ்சி, உங்கள் பதிவை இரண்டுமுறை படித்தேன். மூத்த மகளோடு இந்த அக்டோபரில் மறுபடி போகிறேன். மனாங்கில் மூன்று இரவு தங்குவது என்று நேற்று முடிவுசெய்துவிட்டோம். ஹை கேம்ப்பில் அந்தத் தீதி இன்னும் இருந்தால், என்ன சொல்லட்டும்?

நீலக்குறிஞ்சி எழுதியது:

நெற்றியில் ஒரு தழும்பு இருக்கும், வலது புருவத்துக்கு மேலே. மூன்றாவது அடியில் சுவரில் சாய்ந்த மதுரைப் பெண் நன்றாக இருக்கிறாள், அவளுக்கு இப்போது ஒரு பிள்ளையும் இருக்கிறது என்று சொல்லுங்கள். காலுறை என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், புதிதாக நான்கு ஜோடி கம்பளிக் காலுறைகளோடு சேர்த்து அனுப்புகிறேன்.