அவசரம்! சிலந்தி மல்லாந்து கிடக்கிறது

பதற்றம்_07:
என் டாரன்டுலா மல்லாந்து கிடக்கிறது. அசைவே இல்லை. காலையில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. குச்சியால் மெல்லத் திருப்பி விடலாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓரக்கண்:
முதலில் குச்சியைக் கீழே வையுங்கள். என்ன இனம்? எவ்வளவு பெரியது? கடைசியாக எப்போது சாப்பிட்டது? ஒன்றுமே சொல்லவில்லையே நண்பரே.

ஈரமண்:
பெட்டி காய்ந்து போயிருக்கும், வேறென்ன. உடனே உள்ளே நாலு பக்கமும் தண்ணீர் தெளியுங்கள்.

முதுசிலந்தி:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வந்துவிடுகிறார். இந்த மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. தம்பி, சாகப் போகிற டாரன்டுலா பெரும்பாலும் மல்லாக்கப் படுக்காது. நின்ற வாக்கிலேயே கால்களை உடம்புக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். அதற்குக் காலை மடக்கத்தான் தசை உண்டு, நீட்டுவதற்கு உடம்புக்குள் இருக்கும் திரவ அழுத்தம் வேண்டும். அழுத்தம் போனால் கால் சுருண்டுவிடும். மல்லாந்திருந்தால் தோல் உரிக்கிறது. இதெல்லாம் வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டியது.

பதற்றம்_07:
மன்னிக்கவும். ‘மெக்சிகன் ரெட் நீ’ என்கிற இனம். உள்ளங்கை அளவு. மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை, வயிறு வேறு கறுத்துப் போயிருந்தது. ஏதோ நோய் என்று நினைத்து நேற்று ஒரு கிரிக்கெட் பூச்சி போட்டுப் பார்த்தேன்.

ஓரக்கண்:
அந்தக் கிரிக்கெட் இப்போது எங்கே?

வழுக்கைவயிறு:
நோயெல்லாம் இல்லை. வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கறுத்தால், உள்ளே முளைத்த புது முடி தெரிகிறது என்று அர்த்தம். சாப்பாட்டை மறுப்பதும் அதனால்தான். அடியில் பாய் விரித்த மாதிரி வலை பின்னியிருக்கிறதா, பாருங்கள். என்னுடையது முதல் முறை இப்படிப் படுத்தபோது நானும் அழாத குறைதான்.

ஈரமண்:
எல்லாம் சரி, ஈரம் இல்லாவிட்டால் கால் சிக்கிக்கொள்ளும். என் அனுபவத்தில் சொல்கிறேன்.

முதுசிலந்தி:
பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே சுரக்கிற திரவம்தான் வழுக்கி விடுகிறது. அதற்கு வேண்டிய நீர் ஏற்கெனவே குடித்து உடம்பில் இருக்க வேண்டும். படுத்த பிறகு தலையில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் போதும். இன்னொன்று, அது ஸ்மித்தி இனம். வறண்ட இடத்துச் சிலந்தி.

வழுக்கைவயிறு:
ஸ்மித்தி இல்லை ஐயா, ஹமோரி. 2017 வகைப்பாட்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நாம் ஸ்மித்தி என்று வளர்த்தவற்றில் பெரும்பாலானவை ஹமோரிதான்.

முதுசிலந்தி:
அந்தத் திருத்தம் வருவதற்கு முன்பிருந்தே வளர்க்கிறேன். எனக்குப் பாடம் வேண்டாம். படம் கூடப் பார்க்காமல் எதை வைத்து ஹமோரி என்கிறீர்கள்?

வழுக்கைவயிறு:
நீங்கள் எந்தப் படத்தைப் பார்த்து ஸ்மித்தி என்றீர்களோ, அதே படத்தை வைத்துத்தான்.

ஈரமண்:
நீங்கள் பெயரை மாற்றுங்கள், அது பாட்டுக்குச் சட்டையை மாற்றட்டும்.

ஓரக்கண்:
கிரிக்கெட்டை எடுத்தீர்களா? அந்த நேரத்தில் உடம்பு பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், பூச்சி கடித்தாலே போதும், கதை முடிந்துவிடும். பதில் சொல்லுங்கள்.

(மறுநாள்)

பதற்றம்_07:
ராத்திரியே எடுத்துவிட்டேன். இரண்டு மணிக்கு உரித்து முடித்தது. பின்னங்கால் ஒன்று சிக்கி அறுந்துவிட்டது. விஷப்பல் வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, பரவாயில்லையா?

ஈரமண்:
கால் சிக்கும் என்று சொன்னேனே.

ஓரக்கண்:
பல் வெள்ளை, அப்புறம் சிவப்பு, அப்புறம் கறுப்பு. கறுக்கும் வரை உணவு போடாதீர்கள். இந்த அளவுக்கு எப்படியும் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். அறுந்த இடத்தில் கசிவு இல்லையென்றால் காலைப் பற்றிக் கவலை வேண்டாம், அடுத்த உரிப்பில் சற்றுச் சின்னதாக முளைத்து வரும்.

வழுக்கைவயிறு:
உரித்த சட்டையைப் பத்திரமாக வையுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்து வயிற்றுப் பகுதியை விரித்துப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியும். பெண் என்றால் 20 வருஷத்துக்கு மேலும் இருக்கும். ஆண் பருவத்துக்கு வந்துவிட்டால் அதன் பிறகு அதிக நாள் இல்லை.

பதற்றம்_07:
அதைக் காலையிலேயே குப்பையில் போட்டுவிட்டேனே.

முதுசிலந்தி:
பழைய இழைகளைப் படித்திருந்தால்…